ஆறு குச்சிகளுக்கு ஒரு ஹப்

எங்கள் அண்ணி ஹப் வாங்கக் கடைக்குள் நுழைந்தால் கடைக்காரர் ஓடி ஒளிந்துகொள்வார். மிகைப்படுத்தவில்லை. ஒருமுறை ஒருவர் "இதோ வந்துடறேம்மா" என்று பின்பக்கம் போனார், நாங்கள் கிளம்பும்வரை வெளியே வரவே இல்லை. கூடப் போயிருந்த எனக்கு மானம் போனது. அண்ணிக்கு எதுவும் போகவில்லை. அடுத்த கடைக்கு நடந்தாள்.

ஹப் என்பது வேறொன்றுமில்லை, கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரு யூஎஸ்பி ஓட்டையை ஏழாகவோ பத்தாகவோ ஆக்கித் தரும் சின்னப் பெட்டி. அண்ணிக்கு வேண்டியது அடாப்டரோடு வரும் ஹப். அவளிடம் ஆறு மைனிங் குச்சிகள் இருந்தன. ஒவ்வொன்றும் கட்டைவிரல் நீளம். செருகிவிட்டால் ஓயாமல் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். உலகத்தில் யாருடைய மெஷின் முதலில் சரியான விடையில் போய் விழுகிறதோ அவர்களுக்குப் பிட்காயின். எங்கெங்கோ கிடங்கு கிடங்காக மெஷின்கள் ஓடுகின்றனவாம். அவற்றோடு போட்டிக்கு எங்கள் அண்ணியின் ஆறு குச்சிகள்.

"ஜெயிக்க வாய்ப்பிருக்கா அண்ணி?"

"கிட்டத்தட்டக் கிடையாது."

"அப்புறம் எதுக்கு?"

"நாள் பூரா அடுத்தவங்க கண்ணுக்குக் கண்ணாடி வெட்டறேன். வீட்டுக்கு வந்தா எனக்குன்னு ஏதாவது ஒண்ணு ஓடிட்டு இருக்கட்டுமே."

கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுவது அவள் வேலை. மயிரிழை பிசகினாலும் லென்ஸ் ஃபிரேமில் உட்காராது. அந்தக் கறார் வீடுவரைக்கும் வந்துவிட்டது. மற்றவர்கள் கடையில் ஹப்பைக் கையில் எடுப்பார்கள், அண்ணி அடாப்டரை எடுப்பாள். உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பாள். ஒட்டியிருக்கும் லேபிளில் எத்தனை ஆம்பியர் என்று படித்து, அதைக் குச்சிகளின் எண்ணிக்கையால் வகுப்பாள். வயரை இரண்டு விரலால் நசுக்கிப் பார்ப்பாள். கம்ப்யூட்டரை அணைத்த பிறகு ஹப்பிலிருந்து கரண்ட் திரும்பி அதற்குள் ஏறுமா என்று கேட்பாள். கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும்.

"ஓட்டையை எண்ணி ஏமாறாதே. பத்து நாற்காலி போட்டுட்டு நாலு பேருக்குச் சமைச்சு வெச்சா எப்படி?" என்பாள் என்னிடம். மட்டமான ஹப்பாக இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். என் சிநேகிதி ஒருத்தி ஆசையாக வாங்கி வந்து காட்டியபோது, "இதை வீட்டுக்கு வெளியில வெச்சிரு" என்றாள். அந்தச் சிநேகிதி இன்றுவரை எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

இப்படிப்பட்டவள் ஒரு ஹப் விஷயத்தில் பொய் சொன்னாள் என்றால் யாராவது நம்புவார்களா? நான் என் கண்ணால் பார்த்தேன்.

அதற்கு முன்னால் என் அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொல்லும்போதே எனக்குக் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தான். கிடங்கை மூடிவிட்டார்கள். வேலை போனதும் மனுஷன் கடுகடுவென்று ஆனான். டம்ளர் வைக்கும் சத்தம்கூட அவனுக்குக் குத்தலாகக் கேட்டது. சதா மினுக்கிக்கொண்டிருந்த அந்தக் குச்சிகளைக் கண்டாலே அவனுக்கு ஆகாது.

ஒரு நாள் கண்ணாடிக் கடை முதலாளியும் அவர் மனைவியும் சாப்பிட வந்திருந்தார்கள். முதலாளி மரியாதைக்கு, "அது என்ன, லைட் லைட்டா எரியுது?" என்று கேட்டுவைத்தார். அண்ணி பதில் சொல்ல வாயெடுத்தாள். அண்ணன் முந்திக்கொண்டான்.

"ஆறு குச்சி பெத்து வெச்சிருக்கா சார். வேற என்னத்தைப் பெத்தா?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை. குழந்தைக்காக இருவரும் எத்தனை ஆஸ்பத்திரி ஏறி இறங்கினார்கள் என்பது எனக்குத் தெரியும். குறை யாரிடம் என்று நான் கேட்டதில்லை. ஆனால் அந்த வராந்தாக்களில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவனைப் பளாரென்று அறையலாம் போல இருந்தது எனக்கு. கூடப் பிறந்த பாவத்துக்குப் பேசாமல் இருந்தேன்.

விருந்தாளிகள் போனதும் அண்ணி குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். கடையில் மிச்சமான கண்ணாடிக் கூடுகளில் ஒன்றுக்கு ஒன்றாகப் போட்டு மூடி, பீரோவுக்குள் வைத்தாள். கடை கடையாக ஏறித் தேடி வாங்கிய ஹப்பை மறுநாளே கூட வேலை பார்ப்பவருக்குக் கொடுத்துவிட்டாள். அழவில்லை, சண்டை போடவில்லை. அதற்குப் பிறகு அவர்களுக்குள் பேச்சென்றால் "சாவி எங்கே", "கேஸ் தீர்ந்துபோச்சு" இவ்வளவுதான். நடுவில் நான் தபால்காரி.

பிறகு ஒரு நாள் மாடியில் துணி உலர்த்தும்போது என்னிடம் சொன்னாள். "வேற ஊர்க் கிளைக்கு மாத்தல் கேட்டிருந்தேன். கிடைச்சிருக்கு. திங்கட்கிழமை பதில் சொல்லணும்."

"அண்ணனுக்கு?"

"தெரியாது. நீயும் சொல்லாதே."

"எவ்வளவு நாளைக்கு அண்ணி?"

அவள் போர்வையின் மறுமுனையை என்னிடம் நீட்டிப் பிழியச் சொன்னாள். திரும்பி வரும் எண்ணம் இல்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின ஞாயிறு மத்தியானம்தான் அண்ணன் ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு வந்தான். புது வேலையில் சேர்ந்து முதல் சம்பளம் கைக்கு வந்திருந்தது. பெட்டியை மேஜைமேல் வைத்தான். அண்ணியைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்தே பேசினான்.

"ஹப் இல்லாமத்தானே ஓட்டாம வெச்சிருக்கே. பத்து ஓட்டை இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் தனி சுவிட்சு. குச்சிக்குன்னே வந்ததாம், கடைக்காரன் சொன்னான்."

என் அண்ணன் பிறந்ததிலிருந்து யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. சின்ன வயதில் என் பொம்மையை உடைத்தால் மறுநாள் ஒரு மிட்டாய் வரும், வார்த்தை வராது. இதுவும் அதுதான் என்று எனக்குத் தெரிந்தது. அண்ணிக்கும் தெரிந்திருக்கும். பெட்டியைப் பிரித்தாள். ஹப்பை ஒதுக்கிவிட்டு, வழக்கம்போல அடாப்டரைத்தான் முதலில் எடுத்தாள்.

உள்ளங்கையில் வைத்ததும் அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். லேபிளில் பத்து ஆம்பியர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பத்து ஆம்பியர் தருகிற அடாப்டர் செங்கல் மாதிரி கனக்கும் என்று அவளே எனக்குச் சொல்லியிருக்கிறாள். இதை அவள் காலித் தீப்பெட்டியைத் தூக்குவது போலத் தூக்கினாள்.

"நல்லா இருக்குங்க" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எந்த ஹப்பையும் ஒரே பார்வையில் அவள் நல்லதென்று சொன்னதே கிடையாது. அண்ணன் முகத்தில் இத்தனை மாதம் கழித்து ஒரு வெளிச்சம் வந்தது. அதோடு விட்டிருக்கலாம் அல்லவா? விடவில்லை அந்தப் பெரிய மனுஷன்.

"உன் டெஸ்ட்டெல்லாம் வெச்சுப் பாரு. கடைக்காரனுக்கெல்லாம் வைக்கிறே, எனக்கு மட்டும் என்ன சலுகை?"

"வேண்டாங்க. அப்புறம் பார்த்துக்கலாம்."

"ஏன், தேறாதா?"

அந்தக் கேள்வியில் பழைய கடுகடுப்பு எட்டிப்பார்த்தது. அண்ணி ஒரு நொடி அவனைப் பார்த்தாள். பிறகு பீரோவைத் திறந்து கண்ணாடிக் கூடுகளை எடுத்துவந்தாள்.

கூடத்துத் தரையில் ஓர் எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் அடாப்டரை வைத்தாள். தீப்பொறி எட்டாதபடி திரைச்சீலையைத் தூக்கி முடிந்தாள். ஹப்பை லேப்டாப்பில் மாட்டி, ஒரு ஓட்டையில் வோல்ட் காட்டும் சின்ன மீட்டரைச் செருகினாள். மற்றவற்றில் ஆறு குச்சிகள். ஒவ்வொரு சுவிட்சாக அழுத்த, ஒவ்வொரு குச்சியும் மினுக்க ஆரம்பித்தது.

"நான் என்ன செய்யணும்?" என்று அண்ணன் தரையில் உட்கார்ந்தான்.

"அடாப்டர் மேல கையை வைங்க. கை தாங்கலைன்னா சொல்லுங்க, நிறுத்திடலாம்."

அவன் வலது உள்ளங்கையை அடாப்டர்மேல் பதித்தான். அண்ணி லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் சுவரோரம், இருவருக்கும் நடுவில் நின்றேன். அவள் திரையும் எனக்குத் தெரிந்தது, அவன் கையும் தெரிந்தது.

கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு மீட்டரில் ஐந்து வோல்ட் என்றிருந்தது மெல்லக் கீழே இறங்கியது. கடைசிக் குச்சியின் விளக்கு நின்றது. திரையில் அதன் வரி சிவப்பானது. அண்ணி அதை அணைத்து மறுபடி போட்டாள். மினுக்கியது, திரும்பவும் செத்தது. இன்னொரு குச்சியும் கூடவே போனது.

"எப்படி ஓடுது?" என்றான் அண்ணன்.

"நல்லா ஓடுதுங்க. அங்க எப்படி இருக்கு?"

"ஜில்லுன்னு இருக்கு."

அண்ணி தன் கையால் இரண்டு குச்சிகளையும் அவன் கண்ணில் படாமல் மறைத்துக்கொண்டாள். நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் மேலுதட்டில் வியர்வை கோத்திருந்தது. காற்றாடி தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

மூன்றாவது குச்சியும் நின்றது.

"சூடு ஏறுதாங்க?"

"லேசா. வெதுவெதுன்னு."

"அப்போ சரி."

லேசான வாடை ஒன்று வந்தது. இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் மறந்துவிட்டால் வருமே, அது போல. அண்ணியின் மூக்குக்கும் எட்டியிருக்கும், அவள் கண் சட்டென்று அடாப்டர் பக்கம் போனது. அண்ணன் இடது கையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். தாடை இறுகியிருந்தது. கையை எடுக்கவில்லை. அவள் வாயைத் திறந்தால் அவன் கொண்டுவந்தது குப்பை என்றாகிவிடும். அவன் கையை எடுத்தாலும் அதே கதிதான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று வீட்டைக் கொளுத்தப் போகிறார்கள். எனக்கோ கால் தரையில் ஒட்டிக்கொண்டது. நான் பேசி இது கெட்டுப்போனால் அண்ணி நாளைக்குப் போய்விடுவாளே என்ற பயம்.

தட்டுக்கும் அடாப்டருக்கும் நடுவிலிருந்து நூல்போலப் புகை எழுந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும்" என்றான் அண்ணன். குரல் அவனுடையதாகவே இல்லை.

"போதும் உங்க நடிப்பு!" என்று கத்தினேன். ஒரே எட்டில் போய்ச் சுவர் சுவிட்சைத் தட்டி, பிளக்கையும் பிடுங்கி எறிந்தேன். "மூணு குச்சி செத்துக் கிடக்கு, நல்லா ஓடுதாம்! கை வேகுது, ஜில்லுன்னு இருக்காம்! நான் ஒருத்தி நடுவுல பொணமா நிக்கிறேனா?"

அண்ணன் கையைத் தூக்கியபோது அடாப்டரும் கூடவே கொஞ்சம் எழும்பி, பிறகு விழுந்தது. உள்ளங்கை முழுக்கச் செக்கச்செவேலென்றிருந்தது. நடுவில் தோல் வெள்ளையாக உப்பியிருந்தது. அவன் அதை மடிக்குள் ஒளிக்கப் பார்த்தான்.

அண்ணி லேப்டாப்பைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன். குழாயைத் திறந்து அவன் கையை அடியில் பிடித்தாள். தண்ணீர் பட்டதும் அவன் முனகினான்.

"ஏங்க, பைத்தியமா உங்களுக்கு? எதுக்கு இப்படிப் பண்ணினீங்க?"

"ஹப் நல்லாத்தானே இருக்கு?" என்றான். இன்னமும்!

"இல்லை" என்றாள் அண்ணி. கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டிக்கொண்டிருந்தது, ஆனால் குரல் கடையில் பேசும் குரல். "மட்டமான ஹப். அடாப்டருக்குள்ள ஒண்ணுமே இல்லை. கையில எடுத்தவுடனே தெரிஞ்சது. இன்னும் அஞ்சு நிமிஷம் விட்டிருந்தா தீப்பிடிச்சிருக்கும்."

அண்ணன் குழாய்த் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு அதைப் பார்த்து வாங்கத் தெரியலை" என்றான். பிறகு, "அன்னிக்கு அப்படிப் பேசினேனே. பேசியிருக்கக் கூடாது. தப்பு. மன்னிச்சுடு" என்றான்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. அண்ணி பரவாயில்லை என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். அவள் சொல்லவில்லை.

"ஆமாம். பேசியிருக்கக் கூடாது. முதலாளி முன்னாடி, அவங்க வீட்டுக்காரம்மா முன்னாடி. நீங்களும்தானே அந்த ஆஸ்பத்திரியில என் பக்கத்துல உட்கார்ந்திருந்தீங்க."

"ஆமாம்."

"வேற ஊர்க் கிளைக்கு மாத்தல் வாங்கியிருக்கேன். நாளைக்குப் பதில் சொல்லணும்."

அண்ணன் கையைத் தண்ணீரிலிருந்து எடுத்தான். எடுத்துவிட்டு அதை என்ன செய்வதென்று தெரியாமல் அந்தரத்தில் வைத்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"போறதுன்னே முடிவு பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன்" என்றாள். "காலையிலயே பண்ணிட்டேன்."

அவன் தலையை மட்டும் ஆட்டினான். தடுக்கவில்லை, கெஞ்சவில்லை. அண்ணி அவன் உள்ளங்கையில் உப்பிக்கொண்டிருந்த அந்த வெள்ளைத் தோலை வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் மணிக்கட்டைப் பற்றித் திரும்பவும் குழாய்க்கு அடியில் கொண்டுபோனாள்.

"இந்தக் கையை வெச்சுக்கிட்டு நீங்க நாளைக்கு எப்படிச் சட்டை போடுவீங்க, எப்படிச் சாப்பிடுவீங்க?" என்று திட்டினாள். என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ நின்னு வேடிக்கை பார்க்காதே. என் போனை எடு. முதலாளிக்குப் போடு" என்றாள்.

"என்னன்னு சொல்றது அண்ணி?"

"நான் வரலைன்னு சொல்லு."

"நாளைக்கு வேலைக்கா, அந்த ஊருக்கா?"

"ரெண்டுக்கும்தான்" என்றாள், அவன் கையை விடாமல்.