வாப்பாவுக்கு ஒரு அறை

பொழுது சாய்ந்து மஃரிபு தொழும் நேரத்தில் வீட்டில் எந்த அறையும் இருட்டாக இருக்கக் கூடாது. உச்சிப்புளிக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை. பாங்கு கேட்டால் கை தானாக சுவிட்சுக்குப் போகும், அதிலும் ஆளில்லாத அறைக்குத்தான் முதலில் போகும். இருட்டில் வேறு யாரும் குடியேறிவிடக் கூடாது என்று ஒரு பயம். நியூசிலாந்தின் தென்கோடியில், பாங்கு கேட்காத ஒரு சிற்றூரில், கைபேசியில் நேரம் பார்த்து என் மகள் சஃபியாவின் அறைக்கு விளக்குப் போட்டுவந்தேன். அவள் ஒரு வாரம் என்னிடமும் மறு வாரம் அவள் உம்மாவிடமும் இருப்பது ஏற்பாடு. அவள் இல்லாத வாரங்களிலும் போட்டேன். பக்கத்து வீட்டில் தனியாக வாழ்ந்த ஜோன் என்ற முதியவர் வேலிக்கு அப்பாலிருந்து ஒருநாள் கேட்டார்.

"சின்னவள் வந்திருக்கிறாளா?"

"இல்லை. இது அவள் அம்மாவின் வாரம்."

"அப்படியானால் அறையில் யார்?"

"யாருமில்லை. அதனால்தான் விளக்கு."

மறுநாள் வாசற்படியில் ஒரு வாழைப்பழக் கேக் இருந்தது. சாவு விழுந்த வீட்டுக்கு அங்கே அப்படிக் கொடுப்பார்கள் என்று பிறகு நான் வேலை பார்த்த இறைச்சி ஆலையில் ஒருவன் சொன்னான்.

பிரிந்த பெற்றோருக்கென்று அந்த நாட்டில் வகுப்பு நடத்துகிறார்கள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான்; அதற்குப் பிறகு உட்கார்ந்த ஒரே வகுப்பு அதுதான். பிள்ளையின் முன்னால் மற்றவரைக் குறை சொல்லாதீர்கள், பிள்ளையைத் தூது அனுப்பாதீர்கள் என்றார்கள். இரண்டு வீட்டிலும் அவளுக்கென்று கட்டிலும் அலமாரியும் பல் தேய்க்கிற பிரஷ்ஷும் இருக்க வேண்டும் என்றார்கள். சொன்னபடியே செய்தேன். ஆனால் அவள் போன வாரத்தில் அந்த அறை என்ன செய்யும் என்று யாரும் சொல்லவில்லை. தலையணையில் ஒரு முடி கிடக்கும். பென்சில் சீவிய தூள் மேசையில் கிடக்கும். நான் அடுப்படியில் நிற்கும்போது அவள் குழாயைத் திறக்கும் சத்தம் கேட்கும். போய்ப் பார்த்தால் குழாய் காய்ந்திருக்கும். இரண்டு தெரு தள்ளி உயிரோடு சிரித்துக்கொண்டிருக்கும் பிள்ளை இப்படி வீட்டுக்குள் நடமாடுமா என்று யாரிடம் கேட்பது?

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. மகள் பிறந்தால் அஸ்திவாரம் போடுவார்கள், நிக்காஹ் முடிந்தால் மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு அந்த வீட்டுக்குப் போவான். உறவு முறிந்தால் ஜமாத்தில் பேசுவார்கள். பிள்ளை தாயிடம் என்பதில் பேச்சே இருக்காது, ஏனென்றால் வீடு அவளுடையது. ஆண் அதே பெட்டியோடு வெளியே வருவான். சிறு வயதில் காதர் காக்கா என்று நாங்கள் அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்ட ஒருவரைப் பார்த்திருக்கிறேன். பிரிந்த மனைவியின் தெருமுனையில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் வந்து நிற்பார். பிள்ளைகள் கடந்து போகும்போது சலாம் சொல்வார்கள், அவர் பதில் சலாம் சொல்வார். அவ்வளவுதான். நாங்கள் அவரைத் தெருவில் நட்ட கல்லைப் போலச் சுற்றிக்கொண்டு ஓடுவோம். வளர்ந்ததும் நான் ஜித்தா போனேன், புருனே போனேன், ஒரு கப்பலில் பாத்திரம் கழுவினேன், கடைசியில் ஹலால் முறைப்படி ஆடு அறுக்க ஆள் வேண்டும் என்று அந்தக் குளிர் நாட்டு ஆலையில் எடுத்தார்கள். அங்கே நிரந்தரமாக இருக்க அனுமதி கிடைத்ததும் மனைவி ரஹிமாவையும் சஃபியாவையும் அழைத்துக்கொண்டேன்.

கலியாணமாகிப் பல வருடம் போனிலேயே குடும்பம் நடத்தியவர்கள் நாங்கள். ஊரில் அவள் வீட்டில் நான் விருந்தாளி, விடுமுறைக்கு வந்து போகிறவன். நியூசிலாந்தில் நான் வாடகைக்கு எடுத்த வீட்டில் அவள் விருந்தாளியானாள். எந்தச் சாமானை எங்கே வைப்பது என்பதற்கும் என்னைக் கேட்க வேண்டியிருந்தது. அதை அவளால் தாங்க முடியவில்லை. அவள் தாங்காததை என்னால் தாங்க முடியவில்லை. சண்டையெல்லாம் பெரிதாக இல்லை. பேச்சு நின்றுபோனது.

பிரிந்து ஒரு வருடம் கழித்து, மகளை ஊருக்கே கூட்டிப்போக வேண்டும் என்று ரஹிமா கேட்டாள். ஜமாத்தில் பெரியவர்கள் கூடிப் பேசுவதை அங்கே மீடியேட்டர் என்ற ஒரே ஒரு பெண், மேசையில் தண்ணீரும் டிஷ்யூ பெட்டியும் வைத்துக்கொண்டு பேசுகிறார். அன்றைக்கு ரஹிமா முதலில் எடுத்தது விளக்கு விஷயத்தை. கடையில் பார்த்த ஜோன், அந்தச் சின்ன அறையில் தினமும் விளக்கு எரிகிறது என்று அவளிடம் சொல்லியிருக்கிறார்.

"பிள்ள படுக்குற ரூம்ல யார வச்சிருக்கீங்க?"

"யாருமில்ல. மஃரிபுக்குப் போடுறேன்."

அதே ஊர்க்காரியான ரஹிமாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. என்ன சொன்னார் என்று மீடியேட்டர் கேட்டார். "ஒன்றுமில்லை, விளக்குப் போடுகிறாராம்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவரும் எழுதிக்கொண்டார். பிறகு ரஹிமா என்னைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்: "அங்கன அவளுக்கு வீடு இருக்கு. இங்கன நம்ம மூணு பேர்ல யாருக்கு இருக்கு?"

உங்கள் சம்மதமில்லாமல் பிள்ளை விமானம் ஏற முடியாது, நீதிபதி உங்கள் பேச்சைக் கேட்பார் என்று என் வக்கீல் சொல்லியிருந்தார். அந்த நாட்டுச் சட்டம் தகப்பனுக்கு அவ்வளவு இடம் கொடுக்கிறது. ஊரில் யாரும் எனக்கு அப்படிக் கொடுத்ததில்லை. ஆனாலும் பிள்ளையை ஊருக்குக் கூட்டிப்போக ரஹிமாவுக்குச் சம்மதம் சொன்னேன். முழுப்பரீட்சை லீவு நாட்களில், இரவுத் தங்கலுடன், பிள்ளை தகப்பனோடு இருக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அவர்கள் போன பிறகும் குழாய்ச் சத்தம் நிற்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வந்துவிடுவாள் என்று அந்தச் சத்தத்துக்குச் சமாதானம் சொல்லத்தான் முடியவில்லை.

முதல் லீவுக்கு ஊருக்குப் போனேன். ரஹிமா சொன்ன சொல் மாறவில்லை. சஃபியா ஒரு பையோடு வெளியே வந்தாள். நான் தெருமுனையில் நின்றேன். காதர் காக்கா நின்ற இடம் அதுதான் என்பது நின்ற பிறகுதான் உறைத்தது. அவர் மௌத்தாகி மண்ணுக்குள் போய் வெகுகாலம் ஆகிறது, இருந்தாலும் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டேன். என் உம்மாவின் வீடு இப்போது என் தங்கச்சியுடையது. அவள் மகளுக்கு மாப்பிள்ளை வந்து மாடியறையில் இருக்கிறான். "நீங்க முன்னால ஹால்ல படுத்துக்கிருவீங்க காக்கா, வயசுக்கு வரப்போற பிள்ளைய எங்கன படுக்கவைக்க?" என்றாள் தங்கச்சி. ராமநாதபுரத்தில் ஒரு லாட்ஜுக்குப் போனோம்.

"பாய், பிள்ளையோட அம்மா வரலையா?" என்றார் மேனேஜர்.

"பிரிஞ்சிட்டோம்."

"அப்ப பிள்ள எப்புடி ஒங்க கையில?"

ஒப்பந்தத்தை எடுத்துக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல தாளு. நாளைக்கு போலீஸ் வந்தா இத வச்சு நான் விசிறிக்கிறதா? ஏன் பாய், வெளிநாட்டுல சம்பாதிக்கிறீங்க, ஊருல ஒரு வீடு இல்லியா?" என்றார்.

நான் தாளை வாங்கி மடித்தேன். சஃபியாதான் சொன்னாள்: "எங்க ஊருல ஆம்பளைகளுக்கு வீடு கெடையாது அங்கிள்."

"எங்க வீட்டுலயும் அப்புடித்தாம்மா. பத்திரம் மட்டும் என் பேருல இருக்கு" என்று சிரித்தார். ஆனால் அறை கொடுக்கவில்லை.

இரவுத் தங்கல் தாளிலேயே இருந்தது. காலையில் அழைத்துப் போவேன், பொழுது சாய்வதற்குள் கொண்டுவந்து விடுவேன். பஸ்ஸில் பாம்பன் பாலம் தாண்டி ராமேஸ்வரம் போய் வருவோம். அல்லது அரியமான் கடற்கரையில் சவுக்கு நிழலில் உட்கார்ந்திருப்போம். கடைசி நாள் அங்கே அவள் ஒரு குச்சியை எடுத்து ஈர மணலில் கோடு போட்டாள்.

"இப்ப இருக்குற வீட்டுக்குப் பக்கத்துலயே எனக்குக் கட்டுவாங்களாம். உம்மா சொன்னாங்க. இது ஹால். இது உம்மா ரூம். இது எனக்கும் மாப்பிள்ளைக்கும்." மாப்பிள்ளை என்றபோது மூக்கைச் சுளித்தாள். "அவன் பெட்டிய இங்கன வச்சுக்கிறட்டும்."

பிறகு உம்மாவின் அறையை ஒட்டி இன்னொரு கட்டம் போட்டாள். "இது ஒங்க ரூம்."

"இதுக்கு வாசல் எங்கனம்மா?"

"தெருப்பக்கம். அப்ப நீங்க உம்மாவப் பாக்காமலே வரலாம், போகலாம்."

கோட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்தேன்.

"சுவத்துல ஏறி வாறீங்க வாப்பா. வாசல் வழியா வாங்க."

சுற்றிக்கொண்டு போய், அவள் விட்டிருந்த இடைவெளி வழியாக நுழைந்து உட்கார்ந்தேன். மணல் குளிர்ந்திருந்தது.

"கால நீட்டாதீங்க, உம்மா ரூம்ல இடிக்கும்" என்றாள்.

மடக்கிக்கொண்டேன்.