இருபத்தெட்டு நாள்

அலுவலகத்தில் அவருக்கு விலாசம் என்று பெயர். கடைகள், பள்ளிகள், இரண்டு மருத்துவமனைகள் என எண்பத்து நான்கு இடங்களின் இணையப் பெயர்கள் அவர் பொறுப்பில் இருந்தன. யாராவது பெயரைத் தட்டினால், அது எந்தக் கணினியின் எண் என்று கண் சிமிட்டும் நேரத்தில் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லும் சர்வர் கழிப்பறையை ஒட்டிய சாமான் அறையில் ஓடிக்கொண்டிருந்தது. எண் தவறினால் பல் மருத்துவரைத் தேடுபவர் டயர் கடையில் போய் நிற்பார் என்பது அவருக்குத் தெரிந்த ஒரே நகைச்சுவை. பதினோரு வருடத்தில் யாரும் அப்படிப் போய் நிற்கவில்லை. ஆகையால் யாரும் சிரிக்கவும் இல்லை.

இப்படிப்பட்ட சர்வர் இரண்டு வேண்டும், இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது என்பது தொழில் விதி. இரண்டாவது இடத்துக்கு முதலாளி மசியவில்லை. விலாசம் தன் பழைய கணினியை அக்கா வீட்டில், துணி அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே கொண்டுபோய் வைத்தார். அது மணிக்கொரு தரம் முதலாவதிடம் விசாரித்துத் தன் பட்டியலைப் புதுப்பித்துக்கொள்ளும். முதலாவது மூச்சை விட்டுவிட்டால், பழைய பட்டியலை வைத்து எத்தனை நாள் பதில் சொல்லலாம் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். ஒரு வாரம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அவர் இருபத்தெட்டு நாள் என்று எழுதினார். தனக்கே ஏதாவது ஆகிவிட்டால், அடுத்து வருகிறவர் நிதானமாகப் புரிந்துகொள்ளட்டுமே என்ற நல்லெண்ணம்.

அடுத்து வந்தவர் முதலாளியின் மருமகன்.

"பதினோரு வருஷத்துல ஒரு புகார்கூட வரல. அப்ப இவர் என்னதான் பண்றாரு மாமா?"

இதைவிட நல்ல சான்றிதழை அந்த அலுவலகத்தில் யாரும் வாங்கியதில்லை. வாங்கிய வாரமே விலாசத்தின் சீட்டைக் கிழித்தார்கள். சாமான் அறையைப் பற்றி விளக்கப் போனவரை, "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்று அனுப்பிவைத்தார்கள். மறுநாள் அறையைக் காலி செய்து உடைந்த நாற்காலிகளை அடுக்கினார்கள். சர்வர் அணைந்தது.

அக்கா வீட்டுக் கணினி அதை அவருக்குத் தெரிவித்தது. விலாசம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வயது ஐம்பத்து மூன்று, வேறு இடத்தில் எடுக்க மாட்டார்கள், திரும்பக் கூப்பிட்டால்தான் உண்டு. அதே வேலை, அதே மேஜை, முதலாளியே பேச வேண்டும் என்று வாக்கியத்தைக்கூடத் தயார் செய்திருந்தார். குளிக்கப் போகும்போதும் போன் கூடவே போனது. ஒருவரும் கூப்பிடவில்லை. எதுவும் கெடவில்லையே, எதற்குக் கூப்பிடுவார்கள்? அலமாரிக்குப் பின்னால், அவர் எழுதிவைத்த இருபத்தெட்டு நாள் அவருக்கு எதிராக உழைத்துக்கொண்டிருந்தது.

பத்தாம் நாள் மனைவி பொறுமை இழந்தாள். "பெட்டி உங்களோடது, வீடு உங்க அக்காவோடது. பிளக்கைப் பிடுங்குங்க. சாயங்காலமே வாசல்ல கார் நிக்கும்."

அதில் சட்டப்படி குற்றம் எதுவும் இல்லை. அக்கா வீட்டுக்குப் போனார். அலமாரிக்குப் பின்னால் கையை விட்டார். விட்ட கையோடு, யார் என்ன கேட்கிறார்கள் என்று திரையைப் பார்த்ததுதான் தப்பு. நிமிடத்துக்கு நாலு பேர் மருத்துவமனையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அக்கா போட்ட டீயைக் குடித்துவிட்டு வீடு திரும்பினார்.

"என்னாச்சு?"

"பிளக் எட்டல."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

இருபத்தோராம் நாள் போன் அடித்தது. பேசியது மருமகன். "அண்ணே, அந்தச் சாமான் ரூம் பெட்டியை அணைச்சுட்டோம். எல்லாம் நல்லாத்தான் ஓடுது. எதுல ஓடுதுன்னுதான் தெரியல."

தயார் செய்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் தப்பான விடையை வாயால் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். "இன்னும் ஏழு நாள் ஓடும்" என்றார். ஏன் என்பதையும் விளக்கினார். ஒரு பெரிய நிறுவனத்துக்கு எல்லாவற்றையும் மாற்றப்போகிறோம், பட்டியல் மட்டும் கிடைத்தால் போதும் என்றார் மருமகன். எண்பத்து நான்கையும் அனுப்பினார் விலாசம், எங்கெங்கே கவனம் தேவை என்ற குறிப்புகளோடு. நாலு நாளில் மாற்றி முடித்தார்கள். கட்டைவிரல் உயர்த்திய படம் ஒன்று வந்தது. முதலாளி அனுப்பியதாகச் சொன்னார்கள்.

இருபத்தெட்டாம் நாள் பிற்பகல் அக்கா வீட்டில் கணினிக்கு எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு பெயராக அவரே கேட்டார். எல்லாவற்றுக்கும் சரியான பதில் வந்தது. நாலு பத்துக்கு மறுபடி கேட்டார். ஒன்றுக்கும் வரவில்லை. உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

"ஏண்டா, அது இன்னும் ஓடுதா?" என்றாள் அக்கா. "பத்து வருஷமா அதுக்குக் காவல் இருக்கேன். தையல் மெஷின் வைக்க இடம் இல்ல. எடுத்துக்கறியா?"

விலாசம் குனிந்து கையை நீட்டினார். பிளக் எட்டியது.