எண்ணைத் தொட்டதும் கத்திய தவளைகள்

ஆய்வுத் தரவுக் காப்பகத்தில் அவரை எல்லோரும் 'விவரம் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். யார் எந்தக் கோப்பைக் கொண்டுவந்தாலும், "எல்லாம் சரி, விவரம் எங்க?" என்பார். யார் அளந்தது, எந்த மாதம், எந்தக் கருவியில் என்று எழுதித் தராமல் அவர் மேசையைத் தாண்ட முடியாது. இரண்டாம் மாடியில், ஏசி சொட்டும் மூலையில், ஒரு நீல வாளிக்குப் பக்கத்தில் அந்த மேசை.

ஆய்வாளர்கள் சேகரித்த தரவுகளை வாங்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரந்தர எண் கொடுப்பது அவர் வேலை. கட்டுரை எழுதுபவர்கள் அடிக்குறிப்பில் அந்த எண்ணைப் போடுவார்கள். கோப்பு எந்தக் கணினிக்கு மாறினாலும் எண் மாறாது. அதெல்லாம் சரிதான். திரையில் அந்த எண்ணைத் தொட்டால் எது திறக்க வேண்டும் என்பதில்தான் அக்காவுக்கும் கணினிப் பிரிவுத் தலைவருக்கும் மூன்று வருடமாக ஏழாம் பொருத்தம்.

"படிக்கிறவங்களுக்குத் தரவுதானே வேணும்? நேரா கோப்பு வந்துடட்டும். நடுவுல எதுக்கு ஒரு பக்கம்?" என்பார் தலைவர்.

"யாரோடது, எவ்வளவு பெரிசு, எப்படிப் படிக்கணும்னு தெரியாம கோப்பை வச்சு என்ன சார் பண்ணுவாங்க? முதல்ல விவரப் பக்கம் வரட்டும். அங்கேருந்து கோப்பை எடுத்துக்கட்டும்."

"ஆயிரத்து நூறு எண் இருக்கு. யாரு உட்கார்ந்து எழுதறது?"

"நான் எழுதறேன்."

"பார்க்கலாம்" என்பார். அவருடைய 'பார்க்கலாம்' என்றால் நடக்காது என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த வருட ஆண்டறிக்கைக் கூட்டத்தில், விருந்தினர்கள் நிறைந்த அரங்கில், இயக்குநர் பெரிய திரையில் ஒரு கட்டுரையைக் காட்டினார். "எங்க தரவெல்லாம் ஒரே தொடுதல்ல கிடைக்கும்" என்று சொல்லி, அடிக்குறிப்பில் இருந்த எண்ணைத் தொட்டார். அது குளத்துத் தவளைகளின் ஒலிப்பதிவு. நேராகக் கோப்பு திறந்து, அரங்கின் எட்டு ஒலிபெருக்கிகளிலும் தவளைகள் கத்தத் தொடங்கின. நாற்பது நிமிடப் பதிவு. எப்படி நிறுத்துவது என்று இயக்குநருக்குத் தெரியவில்லை.

"இது என்ன தவளைங்க?" என்று முன்வரிசையில் ஒரு விருந்தினர் ஆர்வமாகக் கேட்டார். இயக்குநர் கணினிப் பிரிவுத் தலைவரைப் பார்த்தார். தலைவர் விட்டத்தைப் பார்த்தார். அரங்கமே சிரித்தது.

மறுநாள் காலையில் தலைவர் தானே மாடியேறி வந்தார். "அந்தப் பக்கத்தை எப்போ ஆரம்பிக்கலாம்?"

"நேத்தே ஆரம்பிச்சுட்டேன் சார்."

பதினோரு மாதம் எழுதினார். தையல்காரரான கணவர்தான் முதல் வாசகர். துணி வெட்டும் மேசையில் காகிதத்தை விரித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படிப்பார்.

"இரண்டாம் பதிப்புன்னு போட்டிருக்கியே, முதல் பதிப்பு கிழிஞ்சு போச்சா?"

"இல்லைங்க, தப்பைத் திருத்தினது."

"அப்போ திருத்தினதுன்னே எழுதேன்."

அக்கா அப்படியே எழுதினார்.

பாதி வேலை முடிந்திருந்தபோது, அந்தத் தவளைகளைப் பதிவுசெய்த இளம்பெண் ஆய்வாளர் வாடிய முகத்தோடு வந்தாள். இரண்டு குளங்களின் பதிவுகள் இடம் மாறிப்போயிருந்தன. "பக்கத்தையே எடுத்துடுங்க அக்கா. மானம் போகுது."

"கோப்பை எடுத்துடலாம்மா. பக்கம் இருக்கட்டும். ஏற்கெனவே ஆறு கட்டுரையில இந்த எண் இருக்கு. தொடறவங்க வெறும் சுவத்துல முட்டிக்கணுமா?"

கோப்பு விலக்கப்பட்டது, காரணம் இது, திருத்திய பதிவின் எண் இது என்று மூன்று வரி சேர்த்தார். இரண்டே வாரத்தில், முன்பின் தெரியாத ஒரு மாணவரிடமிருந்து கடிதம் வந்தது. ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முந்தின நாள் அந்தப் பக்கத்தைப் பார்த்து அட்டவணையைத் திருத்திவிட்டாராம். தவளை ஆய்வாளர் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு அக்காவைக் கட்டிக்கொண்டாள்.

கடைசி எண்ணையும் முடித்த அன்று தலைவர் அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். ஆயிரத்து நூறு பக்கங்களின் அடியிலும், 'இந்தப் பக்கத்தை எழுதியவர்' என்று அக்காவின் பெயர்.

அக்கா குனிந்து உற்றுப் பார்த்தார்.

"சார், என் பேர்ல ஒரு எழுத்து தப்பு."

தலைவர் தலையில் அடித்துக்கொண்டு விசைப்பலகையை இழுத்தார். அவர் திருத்தி முடிக்கும்வரை அக்கா நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றார்.