ஜெபமணி அக்காவின் நான்கு வரிசை

செவ்வாய்க்கிழமை காலை தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. கடைசி வரிசை டெய்லர் எழுந்து வந்து, “ஜெபமணி அக்கா போயிட்டாங்களாமுங்க” என்றார். விடியற்காலையில் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

அவரோடு வேலை செய்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சனிக்கிழமை பேக்கிங் ஹாலில் நடக்கும் இரங்கல் கூட்டத்தில் இதையே வாசிப்பேன். சிலருக்குப் பிடிக்காது. பிடிக்கவேண்டும் என்று எழுதவில்லை.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர் அக்கா. நம் கம்பெனியில் செக்கிங் பகுதிக்கு சூப்பர்வைசர். ஒரு பனியனைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் போதும், எந்தத் தையல் விட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவார். சர்ச்சில் ஆர்மோனியம் வாசித்துப் பழகிய கை. தொழிலாளர் இசைக்குழுவைத் தொடங்கியது அவர்தான். புரொடக்‌ஷன் மேனேஜர் என்ற பெயரில் அதன் கருவிகளை வைக்க ஒரு பீரோ வாங்கிக் கொடுத்ததைத் தவிர நான் செய்தது ஒன்றுமில்லை.

அந்த பீரோவை அடுக்கிய நாள் நினைவிருக்கிறது. கோயிலுக்கு வாசிப்பது ஒரு தட்டில், சர்ச்சுக்கு வாசிப்பது இன்னொன்றில், கல்யாணத்துக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று என்று நாங்கள் அடுக்கி வைத்திருந்தோம். அக்கா வந்து பார்த்தார். எல்லாவற்றையும் தரையில் இறக்கச் சொன்னார். “லேபிளப் பாத்தாய்யா துணியப் பிரிக்கோம்? துணியப் பாத்துல்லா பிரிக்கோம்! எது அதிர்ந்து சத்தம் வருதோ அதப் பாத்துப் பிரிங்க” என்றார். தோல் அதிர்ந்தால் ஒரு தட்டு. நரம்போ கம்பியோ அதிர்ந்தால் ஒன்று. காற்று என்றால் ஒன்று. ஜால்ராவைப் போலக் கருவியின் உடம்பே அதிர்ந்தால் இன்னொன்று. நான்கே வரிசை.

ஆர்மோனியத்துக்குக் கட்டைகள் இருக்கின்றனவே, அது எங்கே போகும் என்று நான் வாதாடினேன். துருத்தியை அமுக்காமல் வாசிக்கச் சொன்னார். கட்டைகள் டக் டக்கென்று இறங்கி ஏறினவே தவிர, சுரம் வரவில்லை. “காத்து இல்லன்னா இது வெறும் பெட்டி சார்” என்று சொல்லி, அதைப் புல்லாங்குழலுக்குப் பக்கத்தில் வைத்தார். கஞ்சிராவில் தோலும் உண்டு, சலங்கைத் தகடும் உண்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். “இது ரெண்டு வீட்டுப் பிள்ள. எங்க வேணும்னாலும் சாப்பிடட்டும்” என்று சிரித்தார்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்குக் கத்தரிக்கோல், ஓவர்லாக் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். இசைக்கருவிகளுக்கும் ஒரு மேசை போட்டோம். அக்காவின் நான்கு வரிசைப்படி, தோல் வரிசையில் மிருதங்கத்தை ஒட்டிப் பறை இருந்தது. தாராபுரத்திலிருந்து வந்திருந்த முதலாளியின் தாய்மாமா அதைப் பார்த்துவிட்டார். “ஏனுங் தம்பி, சாவுக்கு அடிக்கறதக் கொண்டாந்து சாமி முன்னால வெப்பாங்களா?” என்றார். சாவு என்றுதான் சொன்னார். யாருடைய கைகள் அதை அடித்து வந்தன என்பதுதான் அவருக்கு உறுத்தியது என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். முதலாளி என்னைப் பார்த்தார். நான் அக்காவிடம் போனேன். அந்தச் சொல்லைக் கொண்டுபோனவன் நான்தான். இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது.

“அக்கா, அத மட்டும் கொஞ்சம் உள்ள வெச்சுருங்க.”

“எத மட்டும் சார்?”

“பறைய. மாமா தோல்கருவி ஆகாதுங்கறாருங்க.”

அப்படி அவர் சொல்லவில்லை. சாதிப் பேச்சைப் பூசி மெழுக நானாகச் சேர்த்த சொல் அது. “தோலா? சரி” என்றார் அக்கா. பறையை எடுத்தார். மிருதங்கத்தை எடுத்தார். தவில், தபலா, கஞ்சிரா எல்லாம் போயின. வெளியே லாரி நிற்கும் இடத்தில் அவற்றை வரிசையாக வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

பூஜைப் பாட்டு தொடங்கியது. தாளத்துக்கு ஜால்ரா மட்டும் ஒலித்தது. அந்த வேலைக்கு அங்கே ஆள் குறைவில்லை, நானே ஒருவன். மிருதங்கம் எங்கே என்று மாமா கேட்டார். வாசலுக்கு வெளியிலிருந்து அக்காவின் குரல் வந்தது: “எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைய. ஒண்ண எழுப்பிவிட்டா மத்ததும் எந்திச்சு வந்துரும்.” மிருதங்கம் வாசிக்கும் மெக்கானிக்கும் எழுந்து வெளியே போனார். அந்த வருடம் சாமிக்கு மேளம் இல்லை.

அடுத்த வாரமே அக்காவை சூப்பர்வைசர் வேலையிலிருந்து எடுத்து, நூல் பிசிறு வெட்டும் மேசைக்கு மாற்றினார்கள். அந்த உத்தரவிலும் என் கையெழுத்துதான். “மேச மாறுனா கண்ணு மாறிருமா சார்?” என்று கேட்டுவிட்டுக் கத்தரியோடு உட்கார்ந்தார். மறு வருடம் பூஜைக்கு அதே மேசை, அதே நான்கு வரிசை, மிருதங்கத்தை ஒட்டிப் பறை. அதற்கடுத்த வருடமும் அப்படியே. யாரும் எடுக்கச் சொல்லவில்லை. மனம் மாறிவிட்டார்கள் என்று நான் நம்பவில்லை, சலித்துப்போனார்கள். அவர்களைச் சலிக்கவைக்கும் வரை சலிக்காமல் இருந்தார் அக்கா.

நேற்று மாமா போனில் பேசினார். “சனிக்கிழம சரக்கு வாங்கற பையரெல்லாம் வர்றாங்க. கூட்டத்துல பறை கிறையெல்லாம் வேண்டாம். வயலின் மட்டும் போதுமுன்னு சொல்லீருங்க தம்பி” என்றார். எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. சாவுக்கு அடிப்பது என்றுதானே அன்றைக்கு எடுக்கச் சொன்னார்கள்? இன்றைக்கு எங்கள் வீட்டுச் சாவு. இதற்கும் ஆகாது என்றால், அவர்கள் எடுக்கச் சொல்வது தோலையும் அல்ல, சாவையும் அல்ல.

“எத மட்டும் வேண்டாமுங்க?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் போனை வைத்தேன்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு கேள்விதான். பல வருடம் தாமதமாகக் கேட்டிருக்கிறேன், பரவாயில்லை. பேக்கிங் ஹாலில் மேசை போட்டாயிற்று. நான்கு வரிசையையும் என் கையாலேயே அடுக்கினேன். தோல் வரிசையில் முதலில் இருப்பது பறை. எடுக்கவேண்டும் என்று தோன்றுகிறவர்கள் நேரில் வந்து எடுக்கட்டும். சொல் கொண்டுபோக இனி நான் வரமாட்டேன்.