மேடே இல்லாத ஊர்

எங்கள் தேயிலை எஸ்டேட்டில் ஆளுக்கொரு பேய்க் கதை வைத்திருப்பார்கள். ஃபேக்டரிக்குப் பின்னால் வெள்ளைக்காரத் துரை நிற்கிறார் என்பார்கள், அந்த வழியாகத்தான் நான் தினமும் வேலைக்குப் போகிறேன், ஒரு பூனைகூடக் குறுக்கே வந்ததில்லை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கையே கிடையாது. அப்படிப்பட்டவள் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டாலும் கோபமில்லை.

முதலில் ஓர் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது என் மனசில் மட்டும்தான் இருக்கிறது. நடுவட்டம் பக்கத்தில் பிறந்து வளர்ந்த எனக்குச் சின்ன வயதில் சமதரை என்றால் என்னவென்றே தெரியாது. வீட்டுக்கு வெளியே கால் வைத்தால் ஒன்று ஏற வேண்டும், இல்லாவிட்டால் இறங்க வேண்டும். அதனால் மேடே இல்லாத ஓர் ஊரை நானே கட்டிக்கொண்டேன். தட்டு மாதிரி இருப்பதால் தட்டூர் என்று பேர் வைத்தேன். தெருவெல்லாம் நேராகப் போகும், எந்நேரமும் கூட்டமாக இருக்கும், எல்லோரும் சைக்கிளில்தான் போவார்கள், எங்கள் சரிவில் சைக்கிளை யார் கண்டார்கள். ஒரு சோடாக் கடை, மஞ்சள் பெயின்ட் அடித்த ஒரு பாலம். அந்தப் பாலம் வரைக்கும்தான் கட்டினேன், அதற்கு அந்தப் பக்கம் என்ன என்று யோசித்ததே இல்லை.

பள்ளிக்கூடத்தில் ஒருத்தியிடம் சொல்லப்போய் வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆனால் விட்டுவிட்டேனா என்றால் இல்லை. கல்யாணம் ஆகி, மகன் பிறந்து, அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போய், எனக்கு நரை விழுந்த பிறகும் அப்படித்தான். கொழுந்து பறிக்கும்போது கை பாட்டுக்கு வேலை செய்யும், நான் தட்டூரில் நடந்துகொண்டிருப்பேன். என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. அவர் கொழுந்து ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறவர், பேச்சு குறைவு. அடுப்பு முன்னால் நான் எங்கேயாவது போய்விட்டால், "செல்வி, சோறு அடிபுடிக்குது" என்பார், அவ்வளவுதான்.

போன மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்து, நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விட முடியாமல் போய்விட்டது. ஊட்டியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வாயில் குழாய், பக்கத்தில் மிஷின், கண்ணே திறக்கவில்லை. ஒரு மத்தியானம் டாக்டரம்மா வெளியே வந்து, "மகனை வரச் சொல்லிடுங்கம்மா" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா. மகனுக்கு போன் செய்துவிட்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். அழுகைகூட வரவில்லை. கண்ணை மூடினேன், இத்தனை வருஷப் பழக்கம்தானே, தட்டூருக்குப் போய்விட்டேன்.

தெருவில் ஒரு ஆள் இல்லை. ஊர் காலியாக இருக்கும்படி நான் நினைக்கவே இல்லை. சோடாக் கடை சாத்திக் கிடக்கிறது. பாலத்துக்கு வந்து பார்த்தால், இவர் சைக்கிள் மிதித்துப் போய்க்கொண்டிருக்கிறார். அவரை நான் ஒரு நாளும் அந்த ஊருக்குள் கொண்டுபோனதில்லை. நானாக நினைத்துக்கொண்டேன் என்று சொல்லாதீர்கள், பார்த்தேன். சட்டை காற்றில் புடைத்துக்கொண்டு, அவ்வளவு சந்தோஷமாகப் போகிறார். பாலம் முடியப்போகிறது.

"ஏனுங்க, அந்தப் பக்கம் போகாதீங்க. ஊட்டுக்கு வாங்க."

ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார், திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. அப்புறம் மெதுவாகச் சைக்கிளைத் திருப்பினார்.

யாரோ என் தோளைத் தொட்டார்கள். நர்ஸ் பொண்ணு. "யாரக்கா கூப்பிட்டீங்க? உள்ள வரைக்கும் கேட்டுச்சு" என்றாள். வெட்கமாகப் போய்விட்டது, ஒன்றுமில்லை என்றேன். மகன் வந்து சேர்வதற்குள் அவருக்கு மூச்சு கொஞ்சம் சீராகியிருந்தது. மருந்து பிடித்துக்கொண்டது என்று டாக்டரம்மா சொன்னார், மருந்து ஒன்றும் செய்யவில்லை என்று நானும் சொல்ல மாட்டேன்.

குழாயை எடுத்து வார்டுக்கு மாற்றின பிறகு ஒரு நாள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். தொண்டை இன்னும் சரியாகவில்லை, கம்மின குரலில் சொன்னார். "செல்வி, நான் சைக்கிள் ஓட்டுனேன்."

"உங்களுக்குத்தான் சைக்கிளே ஓட்டத் தெரியாதே."

"அதான் சொல்றேன். ஒரு மேடு இல்ல, பள்ளம் இல்ல, அதுபாட்டுக்குப் போகுது. மஞ்சப் பாலம் ஒண்ணு. அதுல போய்ட்டிருந்தேன், நீ கூப்ட்டே."

கஞ்சி அவர் மேலேயே சிந்திவிட்டது. துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், தட்டூர், தெரு, சோடாக் கடை, சின்ன வயதிலிருந்து ஒன்று விடாமல். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இத்தன வருசமா என்னைய ஒரு தடவகூடக் கூட்டிட்டுப் போகலியே" என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

நான் அழுது முடித்ததும் மீதிக் கஞ்சியை ஊட்டச் சொன்னார். அப்புறம், ஏதோ பக்கத்து வீட்டு விஷயம் மாதிரி கேட்டார். "அது சரி, உன் கையப் புடிச்சுட்டு ஒரு சின்னப் புள்ள நின்னுச்சே, தலையெல்லாம் நனஞ்சு, அது ஆரு?"

என்னோடு யாருமே இல்லை. அந்த ஊரில் நான் எப்போதும் தனியாகத்தான் நடப்பேன்.

இப்போது அவர் நன்றாக இருக்கிறார், டிராக்டரும் ஓட்டுகிறார். நானும் தட்டூருக்குப் போகாமல் இல்லை. போனதும் என் வலது கைக்குள் சின்ன விரல்கள் வந்து கோத்துக்கொள்கின்றன, சில்லென்று. யார் என்று நான் குனிந்து பார்த்ததில்லை. பார்த்தால் கையை விட்டுவிடுமோ என்று பயம். கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். கண்ணைத் திறந்தால் நல்ல வெயிலிலும் அந்த ஒரு உள்ளங்கை மட்டும் ஈரமாக இருக்கிறது.