தீர்மானம் போட்ட ஓட்டைகள்

“வெள்ளை நாக்கு, கொஞ்சம் நில்லுங்க!” என்று டாக்டரம்மா கடைத்தெருவில் குரல் கொடுத்தால், குறைந்தது நாலு ஆண்கள் சட்டென்று வாயைப் பொத்திக்கொள்வார்கள். அவர் சைக்கிளை விட்டு இறங்கமாட்டார். ஒரு காலைத் தரையில் ஊன்றி, கோட்டுப் பையிலிருந்து வறுத்த வேர்க்கடலையை எடுத்து மென்றபடி, பொத்திய கைகளை ஒவ்வொன்றாகப் பார்வையிடுவார். “ஓ, கட்டை விரலா! நகச்சுத்தி ஆறிடுச்சுபோல. நீங்க இல்லை, நீங்க போங்க.” கட்டை விரல் என்பவர் ஐஸ் கம்பெனி முதலாளி. மூன்று மருமகன்களும் அவர் முன்னால் எழுந்து நின்றுதான் பேசுவார்கள். கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டு, யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல் வானத்தைப் பார்ப்பார்.

டாக்டரம்மாமேல் தப்பில்லை. எங்கள் ஊர் ஆண்களில் ஒருவரைக்கூட அவர் முழுசாகப் பார்த்து வைத்தியம் செய்ததில்லை. நாக்காகத் தெரியும், கையாகத் தெரியும், காதாகத் தெரியும். ஆஸ்பத்திரியில் நோயாளிக்கும் அவருக்கும் நடுவே, கூரையிலிருந்து தரைவரை ஒரு பச்சைத் திரை தொங்குகிறது. அதில் ஓட்டைகள். உயரத்தில் காதுக்கு ஒன்று, அதற்குக் கீழே நாக்குக்கு ஒன்று, மேஜை மட்டத்தில் கைக்கு ஒன்று. தைத்தவர் என் அப்பா. தையல்காரர் என்பதால் வெறும் ஓட்டை போட அவருக்கு மனசு வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஓரம் அடித்து, சட்டைப் பைக்கு வைப்பதுபோல் மூடி வைத்து, பட்டனும் வைத்துக்கொடுத்தார். பெண்கள் பக்கவாட்டுக் கதவு வழியாக நேராக டாக்டரம்மாவிடம் போய்விடுவோம். திரை ஆண்களின் மானத்தைக் காப்பதற்கு மட்டும்.

பழைய டாக்டர் ஓய்வு பெற்றபின் எங்கள் ஊருக்கு வர ஒரு டாக்டரும் சம்மதிக்கவில்லை. கடைசியில் ஒரு டிரங்குப் பெட்டியோடும் சைக்கிளோடும் இவர் வந்து இறங்கினார். அன்றே ஊர்க் கமிட்டி கூடியது. தலைவர் மரக்கடை முதலாளி. வயிறு முதலில் கூட்டத்துக்கு வரும், பின்னால் அவர் வருவார். “ஒரு பொம்பளை முன்னாடி நான் சட்டையைக் கழட்டணுமா? அதுக்கு நோயோட போய்ச் சேரலாம்யா!” என்று மேஜையைக் குத்தினார். வேறு டாக்டரும் கிடையாது, போய்ச் சேரவும் யாருக்கும் அவசரமில்லை. ஆகவே செயலாளர் எழுந்து, “ஆண்களுக்கு வைத்தியம் பார்க்கலாம், ஆளைப் பார்க்கக் கூடாது” என்று தீர்மானம் வாசித்தார். டாக்டர் திரையைத் தாண்டி ஆண்கள் பக்கம் ஓர் அடி வைத்தாலும் அன்றே வேலை போய்விடும். இதுதான் நிபந்தனை.

டாக்டரம்மா திரையை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். “பச்சைதானே, கண்ணுக்கு நல்லது” என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவருக்கு இதெல்லாம் பழக்கம். அவர் படித்த மருத்துவக் கல்லூரியில் முதல் பெண் அவர்தான். வகுப்பில் உட்கார்ந்தால் பையன்களுக்குக் கவனம் சிதறும் என்று, பக்கத்துச் சாமான் அறையில், உடைந்த பெஞ்சுகளுக்கு நடுவே நாற்காலி போட்டுக் கதவை அரை அடி திறந்துவைத்தார்களாம். பாடம் முழுவதும் காதால் படித்ததுதான். எலும்புக்கூட்டைப் பார்க்க அவர் முறை வந்த அன்று, பேராசிரியர் அதற்கு இடுப்பில் துண்டு கட்டி வைத்திருந்தாராம். “சதையே இல்லாத ஆளுக்கு என்னடி வெட்கம்? அவிழ்த்துப் பார்த்தேன். அது பொம்பளை எலும்பு. பாவம், இத்தனை வருஷமா அந்தம்மா மட்டும்தான் வகுப்புக்குள்ள உட்கார்ந்திருக்கா” என்று சொல்லிவிட்டு, எனக்கும் ஒரு பிடி கடலை கொடுத்தார். காதால் படித்த பழக்கம் இன்னும் விடவில்லை. யாராவது பேசும்போது முகத்தைப் பார்க்காமல் வலது காதைத் திருப்பிக் காட்டுவார். மரியாதை தெரியாதவர் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தச் சிலரின் இருமல்கூட அவருக்கு மனப்பாடம்.

சிக்கல் என்னவென்றால், நோய் தீர்மானத்தைப் படித்துவிட்டு வருவதில்லை. நெஞ்சுவலி வந்தது. நெஞ்சுக்கு ஓட்டை இல்லை. கமிட்டி கூடி, முன்மொழிந்து, வழிமொழிந்து, அப்பாவைக் கத்தரியோடு கூப்பிட்டு அனுப்புவதற்குள் நெஞ்சுவலிக்காரர் தானாகவே தேறி, கமிட்டியோடு சண்டை போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அடுத்து முழங்கால். தீர்மானத்தில் யாரோ ‘வலது முழங்கால்’ என்று எழுதித் தொலைத்ததால், இடது முழங்கால் வீங்கியவர்கள் அந்த ஓட்டையில் காலை விடக் கூடாது என்று செயலாளரே வாசலில் நின்று காவல் காத்தார். டாக்டரம்மா இந்தப் பக்கத்திலிருந்து கேட்பார்: “செயலாளரே, வீங்கினது எந்தக் காலுன்னு காலுக்குத் தெரியுமா?” அவர் குனிந்து தன் காலைத் தடவிக்கொள்வார். அவருக்கே இடது முழங்கால்.

ஒருநாள் காலையில் திரையின் அந்தப் பக்கம் ஓட்டைகளுக்குமேல் சாக்கட்டியால் பெயர் எழுதப்பட்டிருந்தது. நாக்கு இருக்கவேண்டிய இடத்தில் ‘காது’, காது இருக்கவேண்டிய இடத்தில் ‘கை’. யார் வேலை என்று கேட்காதீர்கள். அன்று முழுவதும் ஆண்கள் குனிந்து குனிந்து காதைக் காட்டினார்கள், எக்கி எக்கிக் கையை நீட்டினார்கள். ‘நாக்கு’ என்று எழுதிய ஓட்டை மேஜை மட்டத்தில் இருந்ததால், மளிகைக்கடைக்காரர் மண்டி போட்டுக்கொண்டு நாக்கை நீட்டினார். டாக்டரம்மா வந்ததை வந்தபடி பார்த்து மருந்து எழுதினார். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, “அடுத்த தடவை மூக்கையும் சேர்த்துக்கோ” என்றார்.

வயிற்றுக்கு ஓட்டை வேண்டும் என்று மட்டும் அவர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். தலைவர் விடாமல் மறுத்தார். “வயிறு எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு எவனுக்குய்யா தெரியும்? இன்னைக்கு வயிறும்பாங்க, நாளைக்கு?” நாளைக்கு என்ன என்று யோசித்த கமிட்டிக்கே வெட்கம் வந்து, விஷயம் ஒத்திவைக்கப்பட்டது.

அந்த வயிறே ஒருநாள் வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுவதற்காக எனக்கும் அன்று வயிற்றுவலி, ஆகவே பெண்கள் பெஞ்சில் இருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் யாரையோ தூக்கிவந்து கிடத்தும் சத்தம். பிறகு தூக்கிப் பிடித்தார்கள்போல, ஓட்டையில் ஒரு நாக்கு வந்தது. டாக்டரம்மா குனிந்து பார்த்தார்.

“இது புது நாக்கா இருக்கே. யாரு?”

“தலைவருங்க” என்றது ஒரு பெண் குரல். அவர் மனைவி. “நேத்து தொப்புளைச் சுத்தி வலிக்குதுன்னாரு டாக்டரம்மா. இப்ப வலது பக்கம் கீழ இறங்கிடுச்சு. காய்ச்சல் வேற. ரெண்டு தடவை வாந்தி.”

டாக்டரம்மா மெல்லுவதை நிறுத்தினார். அவர் கடலை மெல்லாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. “நான் வயித்தை அமுக்கிப் பார்க்கணும். உள்ள குடல்வால் வீங்கியிருந்தா வெடிச்சிடும். வெடிச்சா ஆளு தங்கமாட்டாரு. நான் அங்க வரேன்.”

“வராதே!” என்று தலைவர் அலறினார். “தீர்மானம்… தீர்மானம் இருக்கு!”

“இந்தாளு சாகும்போதும் கூட்டம் போட்டுட்டுத்தான் சாவாரு” என்றார் மனைவி.

டாக்டரம்மா அடுப்பைப் பார்த்தார். “சரி, இங்க ஸ்டவ்வுல ஊசி கொதிச்சுக்கிட்டிருக்கு. அது கொதிச்சு இறங்கறதுக்குள்ள வயித்துக்கு ஓட்டை போடத் தீர்மானம் போடுங்க. இல்லேன்னா துணியைக் கிழிச்சுட்டு உள்ள வந்துடுவேன். சாயங்காலம் பெட்டியைக் கட்டிக்கிட்டுக் கிளம்பறேன். எனக்கு வேலை போகும், அவருக்கு உசுரு இருக்கும்.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, “உன் வலி சரியாயிடுச்சு. ஓடிப்போய் அப்பாவைக் கத்தரியோட கூட்டிட்டு வா” என்றார். சரியாகத்தான் ஆகியிருந்தது. தையற்கடை எதிர்வாடைதான்.

திரும்பி வந்தபோது பெஞ்சின்மேல் கிடந்தபடியே தலைவர் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிக்கொண்டிருந்தார். செயலாளர் முன்மொழிந்துவிட்டார். வழிமொழிய ஆளில்லை.

“நான் வழிமொழியறேன்” என்றார் தலைவரின் மனைவி.

“பொம்பளைங்களுக்கு ஓட்டு இல்லைம்மா” என்றார் செயலாளர்.

“தாலி கட்டின ஆளு வயித்துல கூடவா?”

செயலாளர் யோசிக்க ஆரம்பித்தார். ஸ்டவ்வில் தண்ணீர் தளபுளவென்றது. டாக்டரம்மா வலது காதைத் திரைப் பக்கம் திருப்பினார். “வாசல் ஓரமா ஒருத்தரு இருமலை அடக்கிக்கிட்டு நிக்கறாரு. ஐஸ் கம்பெனிதானே? நீங்க கமிட்டி உறுப்பினர்தானே? கட்டை விரலே, வழிமொழியறீங்களா, இல்லை உங்க வியாதி எல்லாத்தையும் பேர் சொல்லி ஆரம்பிக்கட்டுமா?”

“வழிமொழிகிறேன்!” என்று ஐஸ் கம்பெனி முதலாளி வாசலிலிருந்தே கத்தினார்.

ஆதரிப்பவர்கள் கை தூக்கவேண்டும். தலைவரின் கை, கைக்கான ஓட்டை வழியாக இந்தப் பக்கம் வந்து நின்றது. டாக்டரம்மா அந்தக் கையைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டே, “நிறைவேறிடுச்சு. டெய்லர், வெட்டுங்க” என்றார்.

அப்பா கத்தரியைத் திறந்தார். பிறகு மூடினார். “அளவு சொல்லலையே மேடம்.”

“தீர்மானத்தில் ‘வயிற்றின் அளவுக்கு’ என்று இருக்கிறது” என்று செயலாளர் வாசித்தார்.

“டெய்லர், தலைவருக்குச் சட்டை தைக்கறது நீங்கதானே? வயித்தளவு எவ்வளவு?”

அப்பாவுக்கு அது பார்க்காமலே தெரியும். ஊரில் வேறு யாருக்கும் அவ்வளவு துணி வாங்கியதில்லை. “ஐம்பத்தி நாலு அங்குலம்” என்றார்.

“தீர்மானத்துல இருக்கற அளவு அதுதானே? சுற்றளவுல ஒரு நூல் குறையாம வெட்டுங்க” என்றார் டாக்டரம்மா.

அப்பா சாக்கட்டியால் வட்டம் போட்டு வெட்டினார். வெட்டிய துணி பச்சைத் தட்டுபோலத் தரையில் விழுந்தது. அந்த ஓட்டையில் ஒரு கன்றுக்குட்டி தாராளமாகப் போய்வரலாம். டாக்டரம்மா கோட்டைச் சுருட்டிப் பிடித்தார், தலையைக் குனிந்தார், ஒரு காலைத் தூக்கி வைத்தார், அந்தப் பக்கம் போய்விட்டார். செயலாளர் வாயைத் திறந்தார். ஆட்சேபிக்கத் தீர்மானத்தில் ஒன்றும் அகப்படவில்லை.

நான் ஓட்டை வழியாகப் பார்த்தேன். தலைவர் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். தான் மூடிக்கொண்டால் டாக்டரம்மாவுக்கும் தெரியாது என்ற நினைப்பு. டாக்டரம்மா சட்டையை விலக்கி, வலது பக்கம் மெதுவாக அமுக்கி, சட்டென்று விட்டார். தலைவர் போட்ட சத்தத்தில் வாசலில் டாக்டரம்மாவின் சைக்கிள் சாய்ந்தது.

“வண்டி எங்க?” என்றார் டாக்டரம்மா.

ஊரில் இருந்த ஒரே வண்டி ஐஸ் வண்டி. கட்டிகளுக்கு நடுவே மரத்தூளைப் பரப்பித் தலைவரைக் கிடத்தினார்கள். டாக்டரம்மா ஓர் ஐஸ் கட்டிமேல் உட்கார்ந்துகொண்டார். வழி முழுவதும் தலைவரின் பல் கிடுகிடுக்க, “பேசிக்கிட்டே வாங்க, தூங்கக் கூடாது. ஏதாவது தீர்மானம் சொல்லுங்க” என்று கேட்டுக்கொண்டே போனாராம். அவரும் சொல்லிக்கொண்டே போனாராம். டவுன் பெரிய ஆஸ்பத்திரியில் குடல்வாலை அறுத்து எடுத்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா வெடிச்சிருக்கும், யாரு பார்த்து அனுப்பினது?” என்று கேட்டார்களாம். தலைவரின் மனைவிதான் பதில் சொன்னார்: “எங்க டாக்டரு.”

ஊரில் வேறு பேச்சு. ஓட்டை வழியாகப் போனது திரையைத் தாண்டியதாகுமா, ஆகாதா? கமிட்டி இதை மூன்று தடவை கூடி விவாதித்தது. தாண்டியதுதான், வேலையை விட்டு எடுக்கவேண்டும் என்று பாதிப்பேர். ஓட்டையும் திரையின் ஒரு பாகம்தானே, திரைக்குள்ளேயே இருப்பவர் எப்படித் தாண்டினவர் ஆவார் என்று ஐஸ் கம்பெனியும் மீதிப்பேரும். சரிபாதி. தலைவர் எழுந்து வந்து ஒரு சொல் சொல்லவேண்டும் என்று விட்டுவிட்டார்கள். அதுவரை டாக்டரம்மா டிரங்குப் பெட்டியை மூடாமல் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். அப்பா பெரிய ஓட்டைக்கும் ஓரம் அடித்து, மூடி வைத்து, எட்டுப் பட்டன் தைத்தார். யாரும் பட்டனைப் போடவில்லை. இடது முழங்கால்கள் ஒவ்வொன்றாக அது வழியாக உள்ளே வர ஆரம்பித்தன. முதலில் வந்தது செயலாளருடையது.

நேற்று தலைவர் வந்தார். சட்டை தொளதொளவென்று தொங்கியது. ஓட்டை வழியாக உள்ளே வரவில்லை. அவர் போட்ட திரை, அவருக்கு ஒரு கொள்கை இருக்காதா? அந்தப் பக்கமே நின்றார். நாக்கு வரும் என்று டாக்டரம்மா காத்திருந்தார். வரவில்லை. கை ஓட்டையின் பட்டன் அவிழ்ந்து வலது கை வந்தது. நாடி பார்க்க அவர் விரலை நீட்டுவதற்குள், உயரே காது ஓட்டையின் பட்டனும் அவிழ்ந்து, அதன் வழியாக இடது கையும் வந்தது. இரண்டும் ஒன்றையொன்று தேடின. மேலே இருந்த கை கீழே வளைந்தது, கீழே இருந்தது மேலே எக்கியது. நடுவில் துணி தடுத்தது. ஒரு சாண் எட்டவில்லை. அந்தப் பக்கம் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

டாக்டரம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். இரண்டு ஓட்டைகளுக்கும் நடுவே இருந்த துணியைக் கொத்தாகச் சேர்த்துப் பிடித்துச் சுருக்கினார். மேலது இறங்கியது, கீழது ஏறியது, உள்ளங்கைகள் இரண்டும் கும்பிடாக ஒட்டிக்கொண்டன. அவை தாமாகப் பிரியும்வரை அவர் துணியை விடவில்லை.