வரிசை கேட்ட சுலைகா

குர்லா ஸ்டேஷனில் இறங்கியபோது சுலைகாவின் தங்கை போன் செய்தாள். “அக்கா, லாத்தா மவுத்தாயிட்டா” என்றாள். காலையில் சுலைகா நெஞ்சு வலிக்குது என்றாளாம்; ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. என் கையில் இரண்டு வடாபாவ் சூடாக இருந்தன. லேட்டாகப் போனால் திட்டுவாளே என்று அவள் வாயை அடைக்க வாங்கியவை.

நாங்கள் இருவரும் தாராவியில் பேக் தைக்கும் ஒரு பட்டறைக்கு மேலே கல்யாண அழைப்பு வீடியோ செய்துவந்தோம். இதைப் படிக்கிற பலர் வீட்டு அழைப்பு அந்த அறையில் பிறந்ததுதான். முன்பு நான் மவுசைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வீடியோவாக வெட்டி ஒட்டுவேன். சுலைகா வெப்சைட் செய்கிறவள். “ஒரு பேரு மாறுனா முழுசையும் திரும்பவா ஒட்டுவ? கூறுகெட்டவளே, வீடியோவையும் கம்ப்யூட்டர் கோடுல எழுதலாம்ட்டி” என்றாள். பெயர், தேதி, போட்டோ எல்லாம் ஒரு பட்டியலில் இருக்கும். வெப் பக்கத்தைக் காட்டுவது போலவே பிரவுசர் ஒவ்வொரு காட்சியையும் வரையும். அவற்றைக் கோத்தால் வீடியோவாகிவிடும். முதல் தடவை பட்டனை ஒரு தட்டுத் தட்டியதும் இருநூறு வீட்டுக்கு இருநூறு வீடியோ, ஒவ்வொன்றிலும் அந்தந்த வீட்டுக்காரர் பெயரோடு வந்து விழுந்தபோது நான் எழுந்து ஆடியேவிட்டேன். என்ன சத்தம் என்று பட்டறைக்காரர்கள் ஏறி வந்து பார்த்தார்கள்.

அப்புறம் என் மகள் கல்யாணம் வந்தது. அழைக்கிற எங்கள் வீட்டார் பெயர்களில் எதுவும் விட்டுப்போச்சா என்று பார்க்க, பட்டியலை அகர வரிசையில் அடுக்கினேன். திருப்பி மாற்ற மறந்து, யாரையும் கேட்காமல் எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன். கடைசித் தம்பி அருணாசலம் முதலில். என் கணவரைத் தூக்கி வளர்த்த மூத்த அண்ணன் வேலாயுதம் அத்தான் கடைசியில். “சின்னப் பயலுக்குக் கீழயா எம்பேரு? நல்லா இருங்க. நான் வரல” என்று போனை வைத்துவிட்டார். அண்ணன் இல்லாமல் தாரை வார்க்க மாட்டேன் என்று என் கணவர் சாப்பாட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கல்யாணத்துக்கு எட்டு நாள்தான் இருந்தது.

எல்லாம் உன் கோடால் வந்த வினை என்று சுலைகா மேல் பாய்ந்தேன். அநியாயம்தான், என் குணம் உங்களுக்குத் தெரியும். அவளோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “கோவிச்சுக்கிறவரு வருவாருட்டி. வராதவருக்குக் கோவமே வராது. கெளம்பு” என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டாள்.

ஆண்டாப் ஹில்லில் தன் வீட்டில் அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுலைகா தரையில் அமர்ந்து, “பெரியவரே, வரிசை எங்களுக்குத் தெரியல. நீங்க சொல்லுங்க, நான் அடிக்கேன்” என்றாள். அவ்வளவுதான். யாருக்கு யார் மூத்தவர், எந்தச் சித்தப்பா எதற்காகக் கோபித்துக்கொள்வார் என்று இரண்டு மணி நேரம் சொன்னார். நடுவில் டீ வந்தது, முறுக்கு வந்தது. எல்லாரையும் சொல்லி முடித்துவிட்டு, “எம்பேரக் கடைசில போடு. மூத்தவன் பின்னால நின்னாத்தான் எல்லாரையும் பாத்துக்க முடியும்” என்றார். அதே கடைசி இடம்! நான் வாயைத் திறக்குமுன் சுலைகா என் தொடையைக் கிள்ளினாள்.

கல்யாணத்தன்று மண்டப வாசலில் வந்தவர்களை வரவேற்றவர் அத்தான்தான். சுலைகா கையில் பன்னீரைத் தெளித்து, “வரிசைக்காரி வந்துட்டா” என்று ஊருக்கே கேட்கச் சொன்னார்.

போன வாரம் அவளுடைய நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதலுக்கு அழைப்பு வீடியோ செய்ய உட்கார்ந்தேன். அழுகையும் அவசரமும். வீட்டார் பெயர்களை எனக்குத் தோன்றியபடி போட்டுத் தட்டினேன். வீடியோ ஓடவில்லை. கருப்புத் திரையில் ஒரு வரி வந்து நின்றது: “ஏட்டி, யாரக் கேட்ட?”

என் மகள் கல்யாணக் கூத்துக்குப் பிறகு எப்போதோ எழுதி வைத்திருக்கிறாள். வரிசை சொன்னவர் பெயரை அதற்கான கட்டத்தில் போடாவிட்டால் கோடு நின்றுவிடும். இத்தனை நாள் அந்தக் கட்டத்தை அவளே நிரப்பிவந்ததால் நான் அதைப் பார்த்ததே இல்லை. தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன். பிறகு அவளைப் பெற்ற உம்மாவிடம் போய்க் கேட்டு, ஒவ்வொரு பெயராக எழுதிக்கொண்டு வந்தேன்.

மேஜை, கம்ப்யூட்டர், வாடிக்கையாளர் எல்லாம் எனக்கு மிஞ்சியிருக்கின்றன. ஆனால் நான் அவளுடையது என்று வைத்துக்கொள்வது அந்த ஒரு வரியைத்தான். யார் வந்து சொன்னாலும் அதை அழிக்க மாட்டேன். அன்று காலியாக இருந்த கட்டத்தில் “உம்மாவக் கேட்டுட்டேன்ட்டி” என்று அடித்தேன். வீடியோ ஓடியது.